கட்டிப்பிடித்தாலும் தெரியாத துப்பாக்கி

தொப்பை இருப்பவர்கள் இடுப்பின் முன்பக்கம் துப்பாக்கி வைக்க முடியாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வைக்கலாம். உட்காரும்போது கொஞ்சம் குத்தும். குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. எனக்கு அது துப்பாக்கி இல்லாமலே முடியாது.

இங்கே ஒருவர் கேட்டிருந்தார். சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியாத கைத்துப்பாக்கி எது, முதல்முறை வாங்கப்போகிறேன், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள் என்று. வழக்கம்போல ஆளுக்கொரு பெயர் சொல்லியிருக்கிறீர்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆனால் எப்படிச் சோதித்துப் பார்த்தோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்று அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்ப்பது சோதனை இல்லை. கண்ணாடி உங்களைத் தொட்டுப் பார்க்காது.

நான் சோதித்துப் பார்த்தவன். அந்தக் கதை முழுவதையும் சொன்னால்தான் என் பதிலுக்கு மதிப்பு. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இந்தத் தளத்துக்கு வருவதில்லை. வந்தாலும் இவ்வளவு நீளம் படிக்க மாட்டார்கள். அதனால் பெயர்களை மாற்றவில்லை.

என் பெயர் வெர்லின் ஸ்டிடம். டென்னசியில் மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர். வீடுகளில் ஏசி, ஹீட்டர் பழுது பார்க்கிற வேலை. ஐம்பத்துநான்கு வயது. பள்ளிக்கூடத்தில் பந்து விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிற பையன் ஒருவன் இருப்பான் அல்லவா, அது நான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. யாராவது ஒருவன் மிஞ்சித்தானே ஆகவேண்டும்.

அங்கங்கே சர்ச்சுக்குள் புகுந்து சுடுகிறார்கள் என்று எங்கள் சபையில் காவல் குழு ஒன்று ஆரம்பித்தார்கள். நான்கு பேர். ஆராதனை நடக்கும்போது வாசல் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். காதில் ஒரு ரேடியோ, கையில் ஒரு டார்ச். துப்பாக்கி கூடாது. சபைக் கூட்டத்தில் கை தூக்கி ஓட்டெடுத்து அப்படி முடிவானது, காப்பீட்டுக்காரர்கள் சொன்னார்களாம். டார்ச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் யோசித்தேன். கெட்டவன் வந்தால் உட்கார இடம் காட்டலாம்.

குழுவுக்குத் தலைவன் கார்லண்ட் மீக்ஸ். மரக்கடை வைத்திருக்கிறான், கதவைவிட அகலமான ஆள். நான்காவது ஆளாக என்னைச் சேர்த்தார்கள். பாஸ்டர் கோய் என் தோளில் கைவைத்து, “பிரதர் வெர்லின், உங்கள நம்பித்தான் கண்ண மூடி ஜெபம் பண்றோம்” என்றார். அந்தக் கை என் தோளில் இருந்ததை நான் இப்போதும் உணர்கிறேன். என்னிடம் அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அவர் வீட்டு ஹீட்டரை நான் சரிசெய்தபோது அவர்கூட, “பரவால்ல” என்றுதான் சொன்னார்.

அத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு என்னை நம்புகிறார்கள். நான் டார்ச்சோடு உட்கார்ந்திருப்பதா? அதனால் துப்பாக்கியோடு போனேன். ஓட்டெடுப்பை நான் மதிக்காமல் இல்லை. யாருக்கும் தெரியாதவரை ஓட்டெடுப்புக்கும் மரியாதை, துப்பாக்கிக்கும் மரியாதை என்பது என் கருத்து.

என் மனைவி நேட்டா, “கார்லயே வச்சிட்டு வந்தா என்ன, வெர்லின்?” என்று கேட்டாள். காரில் இருப்பது காரின் துப்பாக்கி, என்னுடையது இல்லை என்று அவளுக்கு விளக்கினேன். அவள் காரிடம் போய் அதையும் சொல்லிவிட்டு வரச்சொன்னாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையில் பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்கு முன் எல்லோரும் எழுந்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து நலம் விசாரிப்போம். தெற்குப் பக்கத்துச் சபைகளுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், இதிலிருந்து தப்பிக்க முடியாது. இடுப்பில் எதையாவது வைத்திருப்பவர்கள் செய்கிற ஒரு தந்திரமும் உங்களுக்குத் தெரியும்: உடம்பை ஒருக்களித்து, ஒரு கையால் மட்டும் தோளை அணைத்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி நகர்ந்துவிடுவது. ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான் கட்டிப்பிடிக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் எங்களுக்கெல்லாம் விலாப் பிடிப்பு என்று நினைப்பார்கள்.

அந்தத் தந்திரம் ஒருவரிடம் மட்டும் பலிக்காது. சிஸ்டர் ஓப்பல் ரக்கர்.

அவர் குள்ளம். என் மார்பு வரைதான் வருவார். இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து, முகத்தைச் சட்டையில் புதைத்து, நாமாக விடச்சொல்கிறவரை விடமாட்டார். அவர் புருஷன் ஹார்லன் ஷெரீப் அலுவலகத்தில் டெபுட்டியாக, துப்பாக்கி கட்டிய போலீஸ்காரராக இருந்து ஓய்வு பெற்று இறந்தவர். அவர் வேலைக்குப் போன காலமெல்லாம் இவர் காலையில் வாசலில் நின்று கட்டிப்பிடித்துத்தான் அனுப்புவாராம். அந்தப் பழக்கம். கைக்கு என்ன தட்டுப்படுகிறதோ அதை வாய் உடனே சொல்லிவிடும். “முதுகெல்லாம் எலும்பா இருக்கே, சாப்பிடறதில்லையா?” “வயித்துல பாப்பாவா? எத்தன மாசம்?” பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பது சிஸ்டர் ஓப்பல் சொல்லித்தான் தெரியும் என்று எங்கள் சபையில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

காவல் குழு ஆரம்பித்த சில வாரத்திலேயே கார்லண்ட் மாட்டினான். அவன் முழு அளவுத் துப்பாக்கியை இடுப்பின் பக்கவாட்டில் வைத்திருந்தான். சிஸ்டர் ஓப்பல் அவனைக் கட்டிப்பிடித்தார். பிறகு கொஞ்சம் விலகி அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தார்.

“கார்லண்ட் கண்ணு, இடுப்புல என்ன, டிபன் பாக்ஸா?”

சபையே சிரித்தது. கார்லண்ட் காதுவரை சிவந்தான். அன்று ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் கோய் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ரேடியோவை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் தலைவருடைய நாற்காலி, கதவுக்கு நேராக இருப்பது, எனக்கு வந்தது. தலைவருக்கு அடையாளமாகச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்ன வெள்ளி மீனும் தந்தார்கள். கார்லண்ட் அதற்குப் பிறகு ஆண்கள் கூடிச் சாப்பிடுகிற காலை ஐக்கியத்தில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். வருகிற போகிறவர்கள் எல்லோரும் அவனிடம் டிபன் பாக்ஸ் கேட்டார்கள்.

ஆக, நான் என்ன தேட வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத துப்பாக்கியைத் தேடுகிறார்கள். எனக்கு சிஸ்டர் ஓப்பலுக்குத் தெரியாத துப்பாக்கி வேண்டும்.

முதலில் எல்லோரும் செய்கிற தவறைத்தான் செய்தேன். குழல் குட்டையாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். குழல் கால்சட்டைக்குள் போய்விடும், அது எவ்வளவு நீளம் இருந்தாலும் யாருக்கும் கவலை இல்லை. காட்டிக்கொடுப்பது பிடிதான். குனிந்தால் சட்டைக்குள் ஒரு முழங்கை மாதிரி துருத்தும். எனவே பிடி குட்டையானது வேண்டும். பிறகு தடிமன். இரட்டை வரிசையில் தோட்டா அடைப்பது தடியாக இருக்கும், ஒற்றை வரிசை என்றால் தட்டை. ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா போடுவதில் தட்டையாக ஒன்று வாங்கினேன். சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமில்லை, அது காற்றில் தொங்கும். டீ குடிக்கிற சீமாட்டி மாதிரி சுட வேண்டியிருக்கும். பரவாயில்லை.

அதை வைத்துக்கொண்டு நேட்டாவைச் சமையலறையில் கட்டிப்பிடித்துப் பார்த்தேன்.

“தெரியுதா?”

“எது?”

“எங்கயாவது கெட்டியா ஏதாவது?”

“உன் தலைதான்,” என்றாள் நேட்டா. கையில் மாவோடு நின்றிருந்தாள். மறுபடி கட்டிப்பிடித்தேன். உறையை மாற்றிவிட்டு வந்து மறுபடி. “இத்தன வருஷத்துல நீ என்னைய இவ்ளோ தடவ கட்டிப்பிடிச்சதே இல்ல, வெர்லின். எல்லாம் ஒரு இரும்புத் துண்டு குடுத்த பாக்கியம்.”

அவளுக்குத் தெரியவில்லை. சிஸ்டர் ஓப்பலுக்குத் தெரிந்தது. ஆனால் அவர் கார்லண்டிடம் செய்ததுபோலச் சத்தமாகச் சொல்லவில்லை. என் காதுப்பக்கம் எட்டி, “வலது பக்கம், ராசா,” என்றார். ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. என் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

நான் அன்று பிரசங்கத்தைக் கேட்கவில்லை. இன்று காதில் சொன்னவர் அடுத்த வாரம் சத்தமாகச் சொல்லமாட்டார் என்று என்ன நிச்சயம்? அந்த வாய்க்குப் பூட்டு கிடையாது.

பிறகு கணுக்காலில் கட்டிக்கொண்டு போனேன். “கால்ல என்ன புண்ணா? நடை மாறியிருக்கே,” என்றார். முதுகின் நடுவில் வைத்தேன். அவர் கைகள் முதலில் போவதே அங்கேதான், அது என் முட்டாள்தனம். அக்குளுக்கு அடியில் வைத்தேன். “இடது பக்கம் வந்துடுச்சா? ஹார்லன்கூட கொஞ்ச நாள் அங்கதான் வச்சிருந்தாரு. வேர்வையில தோல் புண்ணாப் போச்சுன்னு விட்டுட்டாரு.” இதையெல்லாம் காதோடு காதாகத்தான் சொன்னார். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டுபோல ஆகிவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தேடி வந்து கட்டிப்பிடித்தார். ஒருமுறை கண் கலங்கியிருந்தது. “ஒண்ணுமில்ல ராசா. கைக்கு அது தட்டுப்பட்டா அவரு வேலைக்குக் கெளம்பற மாதிரி இருக்கு.”

நான் ஒவ்வொரு வாரமும் உறை மாற்றிக்கொண்டிருந்தேன். உங்கள் எல்லோருக்கும் அலமாரியின் அடியில் வேண்டாத உறைகள் போட்டுவைக்கிற ஒரு பெட்டி இருக்கும். எனக்கு அப்போது இரண்டு பெட்டி. நேட்டா அவற்றுக்குக் கல்லறை என்று பெயர் வைத்திருந்தாள்.

கடைசியில் உள்ளங்கை அளவே உள்ள ஒன்றைக் கண்டுபிடித்தேன். பெண்கள் கைப்பையில் வைப்பது என்று கடைக்காரர் ஒருமாதிரி சொன்னார். அகலமான எலாஸ்டிக் பட்டை ஒன்றை அடிவயிற்றில் கட்டி, தொப்பையின் நிழலில் அதைச் செருகினேன். கடவுள் எனக்கு ஏன் தொப்பை கொடுத்தார் என்று அன்றுதான் புரிந்தது. நானே தடவிப் பார்த்தபோது எனக்கே தட்டுப்படவில்லை.

அது சபையின் வருடாந்தர விருந்து நாள். ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவந்து, வெளியே மரத்தடியில் நீளமாக மேசை போட்டு வைப்போம். பொரித்த கோழி, பீன்ஸ், மக்காச்சோள ரொட்டி, வாழைப்பழப் புட்டிங். நாக்ஸ்வில்லில் இருந்து சிஸ்டர் ஓப்பலின் மகள் ட்வைலா வந்திருந்தாள். வங்கியில் வேலை, எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற பெண். அம்மா தனியாக இருக்கிறாரே என்று அவளுக்கு எப்போதும் ஒரு பதைப்பு.

சிஸ்டர் ஓப்பல் கையில் தட்டோடு வந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். நான் நிம்மதியாக நின்றேன். இங்கேதான் என் கணக்கு தப்பியது. எனக்குத் தொப்பை முடிகிற இடத்தில் அவருக்கு விலா ஆரம்பிக்கிறது.

“அட,” என்றார் உரக்க, சிரித்துக்கொண்டே. “இத எங்க கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்க பாரு! ட்வைலா, இங்க வா. வெர்லின் புதுசா ஒரு குட்டித் துப்பாக்கி வாங்கியிருக்கான். தொப்பைக்கு அடியில!”

பாஸ்டர் கோய் கையில் கோழிக்காலோடு என்னைப் பார்த்தார். நேட்டா தன் தட்டைப் பார்த்தாள். கார்லண்ட் முட்டைத் தட்டை வைத்துவிட்டு வேகமாக வந்தான். அந்த நாளுக்காக அவன் எவ்வளவு காத்திருந்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

நான் கைகளை உயர்த்தினேன். “சிஸ்டர் ஓப்பல், எங்கிட்ட ஒண்ணும் இல்லையே,” என்றேன். குரல் எனக்கே பிடித்தமாதிரி, மெதுவாக வந்தது. “பாஸ்டர், நீங்களே பாருங்க. கார்லண்ட், நீ பாரு.”

கார்லண்ட் தடவினான். இரண்டு பக்கம், முதுகு, அக்குள், கணுக்கால். சாக்ஸுக்குள்கூட விரல் விட்டான். ஆனால் அவன் ஆம்பளை. இன்னொரு ஆம்பளையின் அடிவயிற்றுக்குக் கீழே, சபை விருந்தில், பாஸ்டர் முன்னால், கை கொண்டுபோக மாட்டான். நான் அதை நம்பித்தான் கையைத் தூக்கினேன்.

“ஒண்ணும் இல்ல,” என்றான் கார்லண்ட். அதைச் சொல்ல அவனுக்கு வலித்தது. அவன் வாயால் வந்ததால் அதை எல்லோரும் நம்பினார்கள்.

“இருக்குப்பா,” என்றார் சிஸ்டர் ஓப்பல். “நல்லாப் பாரு. இப்பத்தான் என் விலாவுல இடிச்சது. எனக்குத் தெரியாதா? ஹார்லன்...”

“அம்மா,” என்றாள் ட்வைலா. “அப்பா இறந்துட்டாரும்மா.”

“அவர் செத்தது எனக்குத் தெரியும்டி. நான்தானே புதைச்சேன்!”

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் வந்து அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். யாரோ புட்டிங் கொண்டுவந்து கொடுத்தார்கள். கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தார்கள், குழந்தைக்குக் கொடுப்பதுபோல.

ட்வைலா என்னைத் தேடி என் வண்டிக்கு அருகில் வந்தாள். “மன்னிச்சுக்கோங்க, வெர்லின். அம்மா... இந்த மாதிரி முன்னாடியும் ஏதாவது சொல்லியிருக்காங்களா?”

நான் யோசித்தேன். பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது. ஆகவே உண்மையைச் சொன்னேன். “ஆமாம்மா. கொஞ்ச நாளாவே வாராவாரம் சொல்றாங்க. ஒரு வாரம் கால்லங்கறாங்க, ஒரு வாரம் முதுகுலங்கறாங்க. சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லல.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வேண்டுமானால் திரும்பப் படித்துப் பாருங்கள்.

வீட்டுக்குப் போகிற வழியில் நேட்டா, “அந்தம்மா சொன்னது சரிதானே?” என்றாள்.

“சரிதான்.”

“நாளைக்கே போய் ட்வைலாகிட்டச் சொல்லிடு.”

“சொல்றேன்.”

சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். சொன்னால் நான் பாஸ்டரின் முகத்துக்கு நேரே பொய் சொன்னவன் ஆவேன். நாற்காலி போகும். மீன் போகும். நான் கார்லண்டோடு நின்று முட்டை பொரிக்க வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு வயதான அம்மா கொஞ்சம் மறதிக்காரர் என்று ஆவார். வயதானவர்களுக்கு மறதி சகஜம். எது பெரிய நஷ்டம் என்று பார்த்தால் கணக்கு எளிது.

எங்கள் சபையில் புறணி பேசுவது பாவம். ஜெபக் குறிப்பு கொடுப்பது பாவமில்லை. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் நான் கையைத் தூக்கி, “சிஸ்டர் ஓப்பலுக்காக ஜெபிக்கணும். விவரம் வேணாம். கர்த்தருக்குத் தெரியும்,” என்றேன். விவரம் வேண்டாம் என்று சொன்னதுதான் விவரம். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் நேட்டாவுக்குப் போன் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு எல்லோரும் சிஸ்டர் ஓப்பலிடம் மெதுவாக, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்கள். அவர் ஏன் கத்துகிறீர்கள் என்று கேட்டார். கோபம் வருவதும் ஒரு அறிகுறிதான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் அவர் சோர்ந்துபோகிற ஆள் இல்லை. வங்கிக் கணக்கைத் தானே பார்த்தார். காரைத் தானே ஓட்டினார். டாக்டரிடம் போய் ஏதோ படம் வரைகிற பரீட்சையெல்லாம் எழுதி, ஞாபகத்தில் ஒன்றும் குறையில்லை என்று சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதைச் சபையில் எல்லோரிடமும் காட்டினார். கார்லண்ட் என் அடிவயிற்றையே பார்க்க ஆரம்பித்தான்.

அவர் வீட்டு ஹீட்டருக்கு நான்தான் ஃபில்டர் மாற்றுகிறவன். சாவி பூந்தொட்டிக்கு அடியில். அந்த மாதம் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது, அவர் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த நேரங்களில். ஃபில்டரையும் மாற்றினேன், அதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை ட்வைலா வந்தபோது அம்மாவின் கைப்பை ஃப்ரீசரில் இருந்தது. பட்டாணிப் பைக்குக் கீழே. அங்கே வைத்தது நான்தான். மேலே வைத்தால் சிஸ்டர் ஓப்பலே முதலில் எடுத்துவிடுவார். அதற்கடுத்த தடவை கார் சாவி மாவு டப்பாவுக்குள். இவ்வளவுதான் நான் செய்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வரலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. அது ஆபத்து என்பதால் செய்யவில்லை. எனக்கும் மனசாட்சி உண்டு.

பை விஷயத்துக்குப் பிறகு நேட்டாவுக்கே குழப்பம் வந்துவிட்டது. “துப்பாக்கி மட்டும் ஏதோ சரியா சொல்லிட்டாங்க போல. மத்ததெல்லாம் உண்மையிலேயே...” என்று பாதியில் நிறுத்தினாள். நான் முடித்துவைக்கவில்லை. அவள் இப்போது தையல் அறையில் படுத்துக்கொள்கிறாள். என் குறட்டைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இலைகள் உதிர ஆரம்பித்த சமயம் சிஸ்டர் ஓப்பலே என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஹீட்டரில் சத்தம் வருகிறது என்றார். போய்ப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. சமையலறை மேசையில் எனக்கு ஐஸ் போட்ட டீ வைத்தார். எதிரில் உட்கார்ந்தார். கை நடுங்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

“ராசா, உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஹார்லன் மேல சத்தியம். பாஸ்டர்கிட்ட சொல்லமாட்டேன், ட்வைலாகிட்டயும் சொல்லமாட்டேன். உனக்கு அந்த வேல எவ்ளோ பிடிக்கும்னு எனக்குத் தெரியும். கழுத்த நிமிர்த்திக்கிட்டு நீ உக்காந்திருக்கறதப் பாத்து நான் சந்தோஷப்படுவேன்.”

“கேளுங்க.”

“பை எப்படி அங்க போச்சுன்னு எனக்குத் தெரியல. நான் வச்ச ஞாபகமே இல்ல. சாவியும் அப்படித்தான். சரி, வயசு. ஆனா கை தொட்டது எனக்குப் பொய் சொன்னதில்ல. அன்னைக்கு விருந்துல உன் வயித்துல ஒண்ணு இருந்துச்சா இல்லையா? இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லு போதும். நான் நல்லாத்தான் இருக்கேன்னு தெரிஞ்சுக்குவேன். இந்த வீட்ட விட மாட்டேன்னு ட்வைலாகிட்ட நானே சண்ட போட்டுக்குவேன். இல்லன்னா... இல்லன்னு சொல்லு. அதயும் தெரிஞ்சுக்கணும்.”

அப்போதும் அது அங்கேதான் இருந்தது. உட்கார்ந்திருந்ததால் குத்திக்கொண்டிருந்தது.

ஆம் என்று சொல்லியிருக்கலாம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நீங்களேதான் இங்கே தினமும் எழுதுகிறீர்கள்: மறைத்து வைத்தது மறைந்தே இருக்க வேண்டும், கேட்கிறவர் யாராக இருந்தாலும் சொல்லக்கூடாது, நண்பனிடம்கூடச் சொல்லக்கூடாது என்று. நான் அதன்படி நடந்தேன்.

“இல்ல, சிஸ்டர் ஓப்பல். எதுவும் இல்ல.”

அவர் மேசையின் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“சரி, ராசா. நீ பொய் சொல்ற ஆளு இல்ல.”

டீயைக் குடிக்கச் சொன்னார். குடித்தேன். நல்ல இனிப்பாக இருந்தது.

அவர் சண்டை போடவில்லை. ட்வைலா காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார் என்று கேள்வி. பக்கத்து மாவட்டத்தில் ஒரு முதியோர் இல்லம். நல்ல இடம், ஏசி எல்லாம் புதிது, நானே பார்த்தேன். ஹார்லனோடு வாழ்ந்த அந்த வீட்டில் இப்போது யாரோ இளம் தம்பதி இருக்கிறார்கள். அவர்களுக்கும் நான்தான் ஃபில்டர் மாற்றுகிறேன். வீட்டைக் காலி செய்கிற அன்று பெட்டிகளைத் தூக்கி ஏற்றிக் கொடுத்ததும் நான்தான். ட்வைலா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் உயரமான பெண், ஒன்றும் தட்டுப்பட்டிருக்காது.

எல்லாவற்றையும் நான்தான் செய்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதற்காக அவரைக் கைவிட்டவன் இல்லை என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். சபையில் அவருக்காக இன்னும் ஜெபிக்கிறார்கள், போய்ப் பார்க்கிறவர்கள் யாரும் இல்லை. நான் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து நேராக அங்கே போகிறேன். வாசலில் ஆயுதம் கொண்டுவரக்கூடாது என்று ஒரு பலகை இருக்கிறது. பலகை யாரையும் தொட்டுப் பார்ப்பதில்லை.

அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிப்பிடிப்பார். அங்கே அவருக்குக் கட்டிப்பிடிக்க வேறு ஆளில்லை. நான் பக்கவாட்டில் திரும்புவதில்லை, நேராகவே நிற்கிறேன். முதல் தடவை அந்தக் குட்டித் துப்பாக்கி இருந்த இடத்தில் அவர் கை ஒரு கணம் நின்றது. காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்த வாரம் தட்டையான ஒன்பது மில்லிமீட்டர். ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒன்று. எனக்குக் கிடைத்த மாதிரி ஒரு சோதனைக்காரர் இந்த நாட்டில் வேறு யாருக்கும் கிடைத்திருக்க மாட்டார்.

போன மாதம் முழு அளவில் ஒன்று வாங்கினேன். இரட்டை வரிசைத் தோட்டா, நீளமான பிடி, இரும்புச் சட்டம், செங்கல் மாதிரி கனம். அதை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு போன ஞாயிறு போனேன். சட்டைக்கு மேல் எனக்கே அது தெரிந்தது. அவர் கட்டிப்பிடித்தார். கை அதன் மேலேயே பட்டது. எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன சிஸ்டர் ஓப்பல்?” என்றேன்.

“ஒண்ணுமில்ல, ராசா,” என்றார். “ஒண்ணுமே இல்ல. என் கைக்குத்தான் அப்பப்ப இப்படித் தோணுது.”

ஆகவே, கேட்டவருக்கு என் பதில் இதுதான். சின்னது வேண்டாம். சின்னது கையில் துள்ளும், குறி நிற்காது, சுண்டுவிரலுக்கும் இடமில்லை. அளவைப் பற்றி இங்கே எல்லோரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். பெரியதாகவே வாங்குங்கள். நல்ல உறை, கெட்டியான பெல்ட், ஒரு அளவு தாராளமான சட்டை இருந்தால் போதும். நான் கட்டிப்பிடிக்க விட்டே பார்த்துவிட்டேன். யாருக்கும் தெரியாது.